செர்ட்ராலினோடு 5-எச்டிபி, செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மெக்னீசியம், மீன் எண்ணெய்: சேர்த்து எடுக்கலாமா?

கேள்வி, ஜனவரி 9

மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் 50 மி.கி. எடுக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. பெரிய மாற்றம் இல்லை. நண்பர் ஒருவர் 5-எச்டிபி, செயின்ட் ஜான்ஸ் வோர்ட், மெக்னீசியம், மீன் எண்ணெய் நான்கையும் கூடவே எடுக்கச் சொல்கிறார். எல்லாம் இயற்கையானது, மருந்தை ஒன்றும் செய்யாது என்கிறார். எடுக்கலாமா? டாக்டரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில், ஜனவரி 9, இரவு

நான்கில் முதல் இரண்டைத் தொடாதீர்கள். வாங்கியிருந்தால் பிரிக்காமல் தள்ளி வையுங்கள். மற்ற இரண்டுக்கும் அவசரமில்லை, நாளைக்குப் பேசலாம்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? எடுத்த பிறகு கை கால் நடுக்கம், வியர்த்துக் கொட்டுவது, ஓரிடத்தில் உட்கார முடியாத பதற்றம், வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று எது வந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லாப் பெட்டிகளையும் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மூன்று வாரம் என்பது குறைவு. இந்த வகை மாத்திரைகள் சரியாகப் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும். பலன் தெரியவில்லை என்று செர்ட்ராலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஜனவரி 10

ஏன் அந்த இரண்டும் கூடாது என்று விளக்கமாக எழுதுகிறேன். சும்மா "வேண்டாம்" என்றால் யாருக்கும் மனசில் நிற்காது.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளூக்சடின், பராக்சடின் எல்லாம் ஒரே குடும்பம். செரடோனின் என்பது நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம். நரம்பு வெளியே விட்ட செரடோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதைத் தடுப்பது இவற்றின் வேலை. அதனால் செரடோனின் வெளியே அதிக நேரம் தங்குகிறது. உடம்பு இந்தச் செரடோனினை டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது. அதில் முதல் படிதான் மெதுவானது, எவ்வளவு தயாராகலாம் என்பதற்கான கட்டுப்பாடும் அங்கேதான். 5-எச்டிபி அந்தப் படியைத் தாண்டிய பிறகு கிடைக்கிற பொருள். அதை நேரடியாக விழுங்கினால் உடம்பின் கட்டுப்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. செரடோனினை வெளியே தேக்குகிற மருந்து ஒரு பக்கம், உற்பத்தியைக் கூட்டுகிற பொடி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. டிரிப்டோபான் மாத்திரைக்கும் இதே கதைதான். ஃபுளூக்சடினோடு அதைச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குப் பதற்றமும் வயிற்றுக் கோளாறும் வந்தது 1980களிலேயே பதிவாகியிருக்கிறது.

5-எச்டிபி பெரும்பாலும் கிரிஃபோனியா என்ற ஆப்பிரிக்கச் செடியின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது. அதாவது "இயற்கை" என்பது உண்மைதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று செரடோனின் கேட்பதில்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இன்னும் சிக்கல். அது வெறும் சத்து மாத்திரை இல்லை, அதுவே ஒரு மனச்சோர்வு மருந்து. ஜெர்மனியில் டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வில் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அதனாலேயே இன்னொரு மனச்சோர்வு மருந்தின் மேல் அதைப் போடக் கூடாது. அதோடு, அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளை உடைக்கும் நொதிகளை, முக்கியமாக சிஒய்பி3ஏ4 என்பதை, முடுக்கிவிடுகிறது. எச்ஐவி மருந்தான இண்டினாவிரின் அளவை ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறக்கியது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு வந்தது. அமெரிக்க மருந்து நிர்வாகம் அதே ஆண்டு எச்சரிக்கை விட்டது. கருத்தடை மாத்திரை பலிக்காமல் போவது, மாற்று உறுப்புக்காரர்களின் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து உறுப்பை உடம்பு நிராகரிக்கத் தொடங்குவது என்று பட்டியல் நீளும். மூலிகையை நிறுத்தினாலும் இந்த முடுக்கம் அடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

ஜனவரி 12

"இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது, நிஜத்தில் யாருக்கு வந்திருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் தங்கைக்கு வந்தது.

அவள் பராக்சடின் எடுத்துக்கொண்டிருந்தாள். தூக்கம் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதால் மாலையில் 5-எச்டிபியும் சேர்த்துக்கொண்டாள். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சளி பிடித்து, இருமல் மருந்து குடித்தாள். அன்று இரவு உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள், நடக்கிறாள், மறுபடி உட்காருகிறாள். தலைமுடி வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தாடை தந்தி அடித்தது. காய்ச்சல்தான் ஏறிவிட்டது என்று நினைத்துக் கூட்டிப் போனோம்.

பணியில் இருந்த டாக்டர் அவளைப் படுக்க வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, பாதத்தின் முன்பக்கத்தைப் பிடித்துச் சட்டென்று மேலே தள்ளினார். கையை அப்படியே வைத்திருந்தார். பாதம் தானாகவே அவர் கையில் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அதைச் செய்யவில்லை. நிறுத்தச் சொன்னாலும் அவளால் நிறுத்த முடியவில்லை. குளோனஸ் என்றார். செரடோனின் அதிகமானதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பராக்சடின் மட்டும்தான்" என்றாள். அவள் மறைக்கவில்லை. அவள் கணக்கில் மாத்திரை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும்தான். அவள் பையிலிருந்து 5-எச்டிபி டப்பாவையும் இருமல் மருந்துப் பாட்டிலையும் எடுத்து நான் மேசைமேல் வைத்தேன். இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருந்தது. அதுவும் செரடோனின் பக்கம் தள்ளுகிற சரக்கு. அதை உடைக்க வேண்டிய சிஒய்பி2டி6 நொதியைப் பராக்சடின் அடக்கிவைப்பதால் அது உடம்பில் வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்கியிருக்கிறது.

எல்லாவற்றையும் நிறுத்தி, ஊசி போட்டு, இரவெல்லாம் கவனித்தார்கள். மறுநாள் தெளிந்தாள். காரணமானவற்றை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஒரு நாளில் அடங்கிவிடும். ஆனால் முற்றினால் காய்ச்சல் 41 டிகிரியைத் தாண்டி உயிருக்கே ஆபத்தாகும்.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்து யாரும் அரண்டுவிட வேண்டாம். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் லேசான கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வருவது சகஜம், தானாகவே குறையும். பார்க்க வேண்டியது வேகத்தை. புதிதாக ஒன்றைச் சேர்த்த அல்லது டோஸைக் கூட்டிய சில மணி நேரத்தில், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், நடுக்கமும் பதற்றமும் வியர்வையும் ஒன்றுசேர்ந்து ஏறினால் அதுதான் எச்சரிக்கை. செரடோனின் அதிகமாகிவிட்டதா என்பதை டாக்டர்கள் 2003இல் வந்த ஹண்டர் அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள். அதில் குளோனஸுக்குத்தான் முதல் இடம்.

ஜனவரி 15

சரி, மெக்னீசியமும் மீன் எண்ணெயும்.

இரண்டும் செரடோனின் விஷயத்தில் செர்ட்ராலினோடு மோதுவதில்லை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு அளவான மெக்னீசியம் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சிறுநீரகம் சரியில்லை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, வெளியேற வேண்டியது ரத்தத்தில் தங்கிவிடும். பலன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. 2017இல் வந்த ஒரு ஆய்வில் 126 பேர், நாளுக்கு 248 மி.கி. மெக்னீசியம், ஆறு வாரம். மனச்சோர்வு மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. ஆனால் அதில் மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடவில்லை. மாத்திரை எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தவர்கள் அவர்கள். அதனால் எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். என்னிடம் இருந்த ஒன்றில் முன்பக்கம் பெரிய எழுத்தில் 500 மி.கி., பின்பக்கம் "மெக்னீசியம் ஆக்சைடு" என்று எறும்பு சைஸில். ஆக்சைடில் சுமார் 60 சதவீதம்தான் மெக்னீசியம், ஆக 300 மி.கி. கிளைசினேட் என்றால் அந்த எடையில் ஏழில் ஒரு பங்குதான் தேறும். ஆக்சைடு வயிற்றைக் கலக்கும். செர்ட்ராலினும் அந்தக் குடும்பத்திலேயே வயிற்றுப்போக்குக்குப் பேர்போனது. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எதைக் குறை சொல்வீர்கள்?

இதற்காகவே என் டாக்டர் ஒரு வழி சொன்னார்: ஒரு நேரத்தில் ஒன்று. ஒன்றைத் தொடங்கினால் சில வாரம் வேறு எதையும் மாற்றாதே. ஒரு நோட்டில் தூக்கம், வயிறு, பகலில் எப்படி இருந்தது என்று ஒரு வரி. வயிறு கெட்டது மாத்திரையால் அல்ல, ஆக்சைடால்தான் என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நோட்டு இல்லாவிட்டால் செர்ட்ராலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டியிருப்பேன்.

மீன் எண்ணெயில் இபிஏ, டிஎச்ஏ என்று இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் உண்டு. மனச்சோர்வுக்கு மருந்தோடு துணையாகக் கொடுத்த ஆய்வுகளில் இபிஏ 60 சதவீதத்துக்கு மேல் இருந்த கலவைதான் பலன் காட்டியது, நாளுக்கு 1 முதல் 2 கிராம் இபிஏ அளவில். "மீன் எண்ணெய் 1000 மி.கி." என்று போட்ட சாதாரண கேப்சூலில் இபிஏ 180 மி.கி. அளவுதான் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் இங்கேயும் முக்கியம்.

ஜனவரி 16

இழையைத் தொடங்கியவர் வந்து சொல்லிவிட்டார்: எதையும் எடுக்கவில்லை, டாக்டரிடம் பட்டியலைக் காட்டினார், அவர் திட்டவில்லை. 5-எச்டிபியும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் வேண்டாம் என்றார், மற்றதை அடுத்த முறை பார்க்கலாம் என்றார். படித்ததும் மனசு நிறைந்தது.

ஜனவரி 19

ஒருவர் "வைட்டமின் டி-யும் ஃபோலிக் அமிலமும் போதும், மாத்திரையே தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை, யாராவது நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

வைட்டமின் டி: அமெரிக்காவில் 18,353 பேரிடம் சராசரியாக ஐந்தாண்டுக்கு மேல் நடத்திய பெரிய ஆய்வு 2020இல் வெளியானது. மனச்சோர்வு வராமல் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். தடுக்கவில்லை. அதே கூட்டத்தில் ஒமேகா-3யும் தடுக்கவில்லை என்று அடுத்த ஆண்டு வந்தது. குறைபாடு இருந்தால் எலும்புக்காகவேனும் சரிசெய்ய வேண்டும், அது வேறு.

ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் அதன் ஒரு வடிவம்) சுவாரசியமானது. 2000இல் ஃபுளூக்சடினோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்த ஆய்வில் பெண்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. எல்லோரும் துள்ளினார்கள். 2014இல் 5 மி.கி. கொடுத்துப் பிரிட்டனில் செய்த பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை. இடையில் எல்-மெத்தில்ஃபோலேட் என்ற வேறு வடிவத்தை, மாத்திரை சரியாகப் பிடிக்காதவர்களுக்கு 15 மி.கி. கொடுத்ததில் பலன் இருந்தது, 7.5 மி.கி.யில் இல்லை. ஆள் எண்ணிக்கை சிறியது. ஆனால் இவை எல்லாமே மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள். மருந்துக்குப் பதிலாக என்று எதுவும் சொல்லவில்லை.

ஃபோலிக் அமிலத்தைத் தனியாக அள்ளிப் போடுவதற்கு முன் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள். பி12 குறைந்தால் சோர்வு, மறதி, மனத்தளர்ச்சி எல்லாம் வரும், மனச்சோர்வு போலவே இருக்கும். ஃபோலிக் அமிலம் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மட்டும் மறைத்துவிடும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். நெடுநாள் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், அசைவமும் பாலும் இரண்டுமே தொடாதவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஜனவரி 20

சாம்-ஈ (உடம்பிலேயே உருவாகும் ஒரு பொருள், சத்து மாத்திரையாகவும் விற்கிறார்கள்) பற்றிக் கேட்டவருக்கு: மாத்திரை பலிக்காத 73 பேரிடம் நடந்த 2010 ஆய்வில், 800 மி.கி. இரண்டு வேளை சேர்த்ததில் 36 சதவீதம் பேர் தேறினார்கள், போலி மாத்திரையில் 18. நல்ல கணக்குதான். ஆனால் மனம் சோர்வுக்கும் அளவுமீறிய எழுச்சிக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவக் கோளாறு உள்ளவரை இது எழுச்சி நிலைக்குத் தள்ளிவிடலாம். பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. மனநல மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஜனவரி 24

இதுவரை எழுதியதை மொத்தமாகத் திரும்பப் படித்தேன். "தொடாதே" நிறைய வந்திருக்கிறது. ஏன் எல்லோரும் இந்த டப்பாக்களைத் தேடிப் போகிறோம் என்று நான் எழுதவே இல்லை.

எனக்குத் தெரிந்த காரணம், மனச்சோர்வு மாத்திரையை விழுங்கும்போது நாம் நோயாளி. வைட்டமினை விழுங்கும்போது உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள். மாத்திரைப் பெட்டியை அலமாரிக்குள் வைப்போம், மீன் எண்ணெய் டப்பாவை வெளியே வைப்போம். எடை கூடுவது, உடலுறவில் நாட்டம் குறைவது, உணர்ச்சியே மரத்துப்போனது போலிருப்பது என்று பக்க விளைவுகளைச் சொல்லக் கூச்சப்பட்டு, நாமே ஏதாவது செய்து சரிக்கட்டிவிடலாம் என்று பார்க்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்க விளைவுகளுக்கு டோஸ் குறைப்பது, வேளை மாற்றுவது, வேறு மருந்துக்கு மாறுவது என்று டாக்டரிடம் வழி இருக்கிறது. சொன்னால்தான் அவருக்குத் தெரியும். நான் ரொம்ப நாள் தள்ளிப்போட்டு ஒருநாள் சொன்னபோது, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, "இது நிறையப் பேர் சொல்வதுதான்" என்று சீட்டை எடுத்தார்.

பிப்ரவரி 2

"தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் எல்லா மாத்திரையோடும் ஒத்துப்போகும்" என்று ஒருவர் சொன்னதற்கு ஒரு திருத்தம். செர்ட்ராலின் குடும்பத்தைச் சேர்ந்த ஃப்ளூவோக்சமைன் எடுப்பவர்களுக்கு அது பொருந்தாது. மெலடோனினை உடைப்பது சிஒய்பி1ஏ2 நொதி, ஃப்ளூவோக்சமைன் அதைப் பலமாக அடக்குகிறது. ரத்தத்தில் மெலடோனின் பல மடங்கு ஏறும், மறுநாள் பகலெல்லாம் மந்தமாக இருக்கும். காஃபீனுக்கும் அதே நொதிதான். வழக்கமாக 5 மணி நேரத்தில் பாதியாகும் காஃபீன், ஃப்ளூவோக்சமைனோடு 30 மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. காலையில் குடித்த காபி மறுநாள் காலையிலும் உடம்பில் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று மெலடோனின் தேடுகிற ஃப்ளூவோக்சமைன்காரர்கள் முதலில் காபியை நிறுத்திப் பாருங்கள்.

பிப்ரவரி 3

எடைகுறைப்பு கேப்சூல் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் மாத்திரையால் எடை கூடியது என்று பலர் புலம்புவதால் எழுதுகிறேன். சிபுட்ரமின் என்ற எடைகுறைப்பு மருந்து இதய ஆபத்துக்காக 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. அதுவும் செரடோனின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பதுதான். "முழுக்க மூலிகை" என்று விற்கிற எடைகுறைப்புச் சரக்குகளில் அதை ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்துக்கொண்டே இருக்கிறது. டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாத இடம் இது. எடை விஷயத்தை டாக்டரிடமே பேசுங்கள்.

பிப்ரவரி 11

பல் பிடுங்கப் போகிறவர், மாத்திரையால் ரத்தம் அதிகம் போகுமா என்று கேட்டது நல்ல கேள்வி. ரத்தத் தட்டணுக்களால் செரடோனினைத் தயாரிக்க முடியாது, ரத்தத்திலிருந்து உறிஞ்சித்தான் சேமிக்கின்றன. செர்ட்ராலின் வகை மாத்திரை அந்த உறிஞ்சலையும் தடுப்பதால் ரத்தம் உறைவது சற்றுத் தளர்கிறது. தனியாகப் பெரிய விஷயமில்லை. அதன்மேல் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் சேரும்போது இரைப்பையில் ரத்தம் கசியும் வாய்ப்பு நிஜமாகவே கூடுகிறது. கிங்கோ மூலிகை, அதிக அளவு வைட்டமின் ஈ, கிராம் கணக்கில் மீன் எண்ணெய் எல்லாமும் அந்தப் பக்கமே தள்ளக்கூடியவை. பல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மூலிகைகளை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்வார். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பராக்சடினும் வென்லாஃபாக்சினும் சட்டென்று விட்டால் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வந்து ஆளை வாட்டிவிடும்.

பிப்ரவரி 20

முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமினை எடுப்பவருக்கு. மாத்திரையோடு அது மோதுவதில்லை, ரத்தப் பரிசோதனையோடு மோதுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம், முடிக்கான மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். பல ஆய்வகங்கள் தைராய்டு பார்க்கும் முறையிலேயே பயோட்டின் பயன்படுகிறது. ரத்தத்தில் மிதக்கும் உபரி அதைக் குழப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச்சைக் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனை அதிகமாகவும் காட்டிவிடும். தைராய்டு சுரப்பு குறைந்ததால் மனம் சோர்ந்திருக்கும் ஒருவருக்கு ரிப்போர்ட் நேர்மாறாக வந்தால் சிகிச்சையே திசைமாறும். மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் சோதனையும் இதனால் தவறாகக் குறைவாக வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

நீங்கள் அடுத்த வாரம் தைராய்டு பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட் பயோட்டின் எடுத்த காலத்தில் வந்தது என்றால் அதை டாக்டரிடம் அப்படியே குறிப்பிடுங்கள், தேவையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்.